ஒரு குழாயில் ஐந்து நாய்கள்

1

எங்கள் நாய்க்குப் போன வாரம் ஒரு வயது கூடியது. மொத்தம் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. காப்பகத்திலிருந்து கொண்டுவந்த நாளையே பிறந்த நாளாக என் மகள் வைத்துவிட்டாள். இது மூன்றாவது. அன்று என் மனைவி சரசு அதற்கு இரண்டு முட்டை அவித்துப் போட்டாள். நாமக்கல் பக்கத்துக்காரிக்கு விசேஷம் என்றால் முட்டைதான்.

நான் எழுதுகிறவன் இல்லை. எட்டாவது வரை படித்தேன். மீதி வயசெல்லாம் கோழியோடு போயிற்று. முதலில் சேந்தமங்கலம் பக்கம் பண்ணை. அப்புறம் மஸ்கட்டில் பண்ணை. இப்போது கனடாவில் கோழிக்கறித் தொழிற்சாலை. ஊரில் கோழிக்கு ஊசி போட்டேன். இங்கே ஊசி தேவைப்படாத கோழிகள்தான் என்னிடம் வருகின்றன.

சரசுவின் தம்பி ராசு ஊரில் லாரி ஓட்டுகிறான். அவர்கள் சங்கத்து மலரில் விளம்பரம் கிடைக்காமல் சில பக்கம் காலியாக நிற்கிறதாம். "அந்த நாய்க் கதைய எழுதிக் குடுங்க மாமா. நான் மட்டும் சிரிச்சாப் போதுமா?" என்றான்.

எழுதுகிறேன்.

2

நாயைக் கொண்டுவந்தவள் என் மகள் கீர்த்தனா. கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது ஒரு நாள் சாயந்திரம் கயிற்றோடு வந்து நின்றாள். கயிற்றின் மறுமுனையில் இது நின்றது. யாரோ சாலையில் விட்டுவிட்டுப் போன நாயாம்.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டேன்.

"ஃபாரெவர்ப்பா" என்றாள்.

ஆறு மாதத்தில் வேலை கிடைத்தது. பஸ்ஸில் ஐந்து மணி நேரம் போகவேண்டிய நகரம். அவள் அங்கே பிடித்த அறையில் நாய்க்கு அனுமதி இல்லை. அவள் போய்விட்டாள். ஃபாரெவர் எங்களிடம் இருக்கிறது.

அவள் வைத்த பெயர் மேப்பிள். சரசுவுக்கு அது வாயில் நிற்கவில்லை. சாமி என்று கூப்பிட்டாள். எங்கள் பக்கத்தில் பெரியவரும் சாமி, கைக்குழந்தையும் சாமி. நாயை மட்டும் விட்டுவிட முடியுமா? சரசு சொல்லித்தான் நாய் கற்றது. "உக்காரு", "அக்கட்டப் போ", "சோறு உண்ணு" எல்லாம் புரியும். இங்கிலீஷில் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்த விஷயத்தில் என் மாதிரி.

காலை ஐந்து மணிக்கு நான்தான் நடக்கக் கூட்டிப் போகிறேன். ஒரு கையில் கயிறு. மறு கையில் பை. பை எதற்கு என்பதை இரண்டு வருடம் ராசுவிடம் சொல்லாமல் காத்தேன். "நாய் போனத அந்தப் பைலதான் அள்ளறாருடா" என்று சரசு சொல்லிவிட்டாள்.

மகள் விஷயத்தைச் சொல்லவேண்டும். வேலைக்குப் போன புதிதில் தினமும் பேசினாள். பிறகு வாரத்துக்கு இரண்டு. பிறகு போனில் ஒரு பொம்மை முகம் வரும், கட்டைவிரல் வரும். அதுவும் குறைந்தது. நான் கேட்கவில்லை. நானும் மஸ்கட்டில் இருந்தபோது என் அப்பாவுக்கு அப்படித்தான் செய்தேன். அப்போது கட்டைவிரல்கூட இல்லை.

ஆனால் நாய் எங்களிடம் இருந்ததால் ஒன்று மட்டும் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வீடியோ போன் வரும். தவறாது. எங்கள் முகம் தெரிந்ததும் சொல்வாள்: "ஹாய்ப்பா, ஹாய்ம்மா, மேப்பிளக் காட்டுங்க." சரசு போனை நாயின் முன்னால் பிடிப்பாள். அப்புறம் இருபது நிமிடம் நாயோடு பேச்சு. அதுவும் தமிழில். நாய்க்கு வேறு பாஷை தெரியாதே.

"சோறு உண்டியா? ரசம் ஊத்துனாங்களா? இங்க எனக்குப் புது மேனேஜர் வந்திருக்கான்டா. சரியான லூசு."

நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்வோம். மகளுடைய சேதி எல்லாம் எங்களுக்கு இப்படித்தான் தெரியும். ஒரு தடவை சொன்னாள்: "நாலு நாளாக் காய்ச்சல். அப்பாகிட்டச் சொல்லீராத, என்ன?"

நாய் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

3

போன வருடம் பனி விட்ட சமயத்தில் அடுக்குமாடி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நான் இரண்டு தடவை படித்தேன். தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் பையனிடம் கொடுத்து மூன்றாவது தடவை படிக்கச் சொன்னேன். மூன்று தடவையும் ஒரே விஷயம்தான் இருந்தது.

இந்த மாகாணத்தில் ஒரு இனத்து நாயை வைத்துக்கொள்ளக் கூடாது. சண்டை நாய். எங்கள் நாய் அதைப் போல இருக்கிறது என்று கட்டடத்தில் யாரோ புகார் எழுதியிருக்கிறார்கள். முப்பது நாளில் டிஎன்ஏ டெஸ்ட் எடுத்து, அது அந்த இனம் இல்லை என்று காட்டவேண்டும். காட்டாவிட்டால் நாய் வெளியே போகவேண்டும்.

புகார் எழுதியவரையும் குறை சொல்ல முடியாது. எங்கள் நாய்க்குத் தாடை பெரிது. நெஞ்சு அகலம். உடம்பெல்லாம் புலி வரி. ஒரு காதில் பாதி இல்லை. பார்த்தால் ஜாமீனில் வந்தது போல இருக்கும். குணம் அப்படி இல்லை. வீடு கூட்டும் மிஷினைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். ஒரு தடவை பலூன் வெடித்தது. ஒன்றுக்குப் போய்விட்டது.

சரசு கடிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது.

"ஏனுங்க, நாய் போயிருச்சுன்னா ஞாயித்துக்கெழமையும் போயிருமுங்க" என்றாள்.

"போகாது" என்றேன்.

எப்படி என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

அன்றைக்கே ராசுவுக்குப் போன் போட்டு அவள் சொன்னாள்: "நாய்க்குச் சாதிச் சர்ட்டிபிகேட்டுக் கேக்கறாங்கடா."

"அந்த ஊர்லயுமா? அப்பன் பேரு, பாட்டன் பேரெல்லாம் கேப்பாங்களே அக்கா. ரேசன் கார்டு இருக்குதா அதுக்கு?"

"எகத்தாளம் பண்ணாத. போன மாசம் உன்ற பொண்டாட்டி உன்னத் தொரத்துனப்ப நான் ஏதாச்சும் சொன்னனா?"

ராசு போனை வைத்துவிட்டான்.

எனக்குச் சான்றிதழ் வாங்க என் அப்பா வேட்டியை மாற்றிக் கட்டிக்கொண்டு ஊரில் நாலு தடவை அலைந்தார். முதல் நாள் ஆள் இல்லை. இரண்டாம் நாள் முத்திரை இல்லை. மூன்றாம் நாள் ஆளும் முத்திரையும் இருந்தன, அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரவில்லை. நாலாவது நாள் ரேகை வைத்தார். நாய்க்கு அந்த அலைச்சல் இல்லை. வாயில் தேய்த்தால் போதும் என்றார்கள்.

4

டெஸ்ட் பெட்டியைக் கீர்த்தனாதான் வரவழைத்து அனுப்பினாள். காசு கட்டி, பெயர் பதிந்து, ரிசல்ட் நேராக அடுக்குமாடி அலுவலகத்துக்கே போகும்படியும் செய்துவிட்டாள். எல்லாம் போனிலேயே. வேலைக்கு நடுவில் கூப்பிட்டாள்.

"அப்பா, பெட்டில குச்சி இருக்கும். கன்னத்துக்கு உள்ள தேச்சு, குழாய்ல போட்டு, போஸ்ட் பண்ணுங்க. சிம்பிள். பேப்பர்ல எல்லாம் போட்டிருக்கும்."

"தெரியும் கண்ணு" என்றேன்.

தெரியும்தான். அதில்தான் வந்தது வினை.

கோழிப் பண்ணையில் நோய் பார்க்கச் சாம்பிள் எடுப்பதை ஆயிரம் தடவை செய்திருக்கிறேன். கோழியைக் கக்கத்தில் இடுக்கி, இரண்டு விரலால் அலகைத் திறந்து, பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டு ஒரு சுழற்று. எடுத்துக் குழாயில் போடு. அடுத்த கோழி. ஒரே ஒரு கோழியை வைத்து எங்கள் பண்ணையில் எதையும் முடிவு செய்ய மாட்டார்கள். ஷெட்டில் இந்த மூலை, அந்த மூலை, நடுவில் என்று ஐந்து கோழி. ஐந்து குச்சியும் ஒரே குழாயில். ஐந்து சேர்ந்தால்தான் ஒரு சாம்பிள். ஒரு தடவை புதுப் பையன் ஒருவன் ஒரே கோழியில் எடுத்துக் குழாயை மூடிவிட்டான். பண்ணை டாக்டர் அதை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "கோழி ஜோசியம் பாக்கறயா?" என்றார். அந்தப் பையன் வேறு யாரும் இல்லை, நான்தான்.

பெட்டியில் இரண்டு குச்சி. ஒரு குழாய். நாலாக மடித்த ஒரு காகிதம், எறும்பு அளவு எழுத்து. வேலை தெரிந்தவன் காகிதம் படிக்க மாட்டான். நான் படிக்கவில்லை. இது என் தப்பு. எழுதியே வைக்கிறேன்.

"ஒரே நாய்லயா எடுக்கறீங்க? போதுமாங்க?" என்றாள் சரசு. அவளும் பண்ணையில் முட்டை பொறுக்கியவள்தான்.

"போதாது" என்றேன். "இன்னும் நாலு வேணும்."

5

எதிர்ச் சாரியில் தனி வீட்டில் பீட்டர் இருக்கிறார். லாரி ஓட்டி ஓய்ந்தவர். அவரிடம் நாலு நாய். நாலு. எனக்குக் கடவுளே எண்ணிக் கொடுத்தது போல இருந்தது.

அவர் நாய்களும் எங்கள் நாயும் காலையில் ஒரே புல்வெளியில்தான் திரிகின்றன. ஒரே இடத்தில் மேய்கிற உருப்படிகள் ஒரே ஷெட்தானே? இதுதான் என் கணக்கு. இன்றைக்கும் அந்தக் கணக்கில் பிசகு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. டெஸ்ட் வேறு டெஸ்ட், அவ்வளவுதான்.

பீட்டர் வீட்டுக் கதவைத் தட்டினேன். குச்சியைக் காட்டினேன்.

"டெஸ்ட்" என்றேன்.

"எதற்கு?" என்றார்.

"கவர்ன்மென்ட்" என்றேன். எனக்கு இங்கிலீஷில் அதற்கு மேல் விளக்க வராது. விளக்கினாலும் அதுதானே உண்மை.

"காசா?"

"ஃப்ரீ."

கதவை அகலத் திறந்தார்.

"மவுத் ஓப்பன்" என்றேன். பீட்டர் தன் வாயைத் திறந்தார். பல் செட் போட்டிருக்கிறார். நான் தலையை ஆட்டி நாயைக் காட்டினேன். அவர் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

நாலும் நாலு மாதிரி. ஒன்று என் செருப்பை விடச் சின்னது. ஒன்றுக்குக் கண் மேல் முடி விழுந்து, முன் பக்கம் எது பின் பக்கம் எது என்று சட்டென்று தெரியாது. ஒன்று நீளம், கால் மட்டும் போடாமல் விட்டது போல. நாலாவது கன்றுக்குட்டி அளவு. சின்னதைக் கோழி மாதிரியே கக்கத்தில் இடுக்கி எடுத்துவிட்டேன். முடி நாயில் வாயைத் தேடி எடுத்தேன். நீள நாய் தானே வந்து நக்கியது, குச்சியை நீட்டியபடி நின்றேன், வேலை முடிந்தது. கன்றுக்குட்டிதான் முரண்டு பிடித்தது. கக்கத்தில் இடுக்கப் போனேன். அது என்னை இடுக்கிக்கொண்டது. புல்லில் இரண்டு பேரும் கிடந்தோம். குச்சியின் நுனியில் அரை விரல் அளவுக்கு அது தின்றுவிட்டது. மீதி நுனியை எச்சில் சொட்டச் சொட்டக் குழாயில் போட்டேன்.

ஒரு குச்சியில் எங்கள் நாயும் பீட்டரின் இரண்டும். மறு குச்சியில் திரும்ப எங்கள் நாயும் மீதி இரண்டும். குழாயை இறுக்கி மூடித் தபாலில் போட்டேன்.

வீட்டுக்கு வந்து சரசுவிடம், "முடிஞ்சுது" என்றேன்.

"அஞ்சு வந்துதுங்களா?"

"வந்துது."

அவளுக்கும் திருப்தி. அந்த ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனா நாயிடம், "நீ நல்ல பிள்ளைன்னு பேப்பர்ல வந்துரும்டா" என்றாள்.

6

மூன்று வாரம் கழித்து, செவ்வாய்க்கிழமை மத்தியானம், அலுவலகத்து லிண்டா அம்மா எங்கள் கதவைத் தட்டினார். கையில் ஃபைல். முகத்தில் சிரிப்பு இல்லை. எப்போதுமே இருக்காது, ஆனால் அன்றைக்குக் கூடுதலாக இல்லை.

டெஸ்ட் கம்பெனி எழுதிய கடிதத்தைக் காட்டினார். பென்சிலால் கோடு போட்ட இடத்தில் விரலை வைத்து மெதுவாக, எனக்குப் புரியும்படி படித்தார். அனுப்பிய குழாயில் ஒன்றுக்கு மேற்பட்ட நாய்கள் இருக்கின்றன. ஆகவே இனத்தைச் சொல்ல முடியாது.

அதைப் படித்துவிட்டு இன்னொரு காகிதத்தை எடுத்தார். வீட்டு விதி. ஒரு வீட்டுக்கு ஒரு நாய்.

"உங்களிடம் எத்தனை நாய்?" என்று கேட்டார்.

"ஒன்" என்றேன்.

ஃபைலைத் திருப்பினார். கீர்த்தனா முதலில் எழுதிக் கொடுத்த பாரத்தில் நாயின் பெயர் மேப்பிள். அவள் போன பிறகு புதுப் பாரம் கேட்டார்கள். அதைச் சரசு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அதில் பெயர் சாமி.

"மேப்பிள் ஒன்று. சாமி ஒன்று" என்று இரண்டு விரலைக் காட்டினார்.

வீட்டைப் பார்க்கவேண்டும் என்றார். பாருங்கள் என்றேன். மறைக்க என்ன இருக்கிறது?

மறைக்க இல்லைதான். ஆனால் எங்கள் நாய்க்கு ஒரே இடத்தில் படுக்கும் பழக்கம் இல்லை. ஹீட்டர் பக்கம் கொஞ்ச நேரம், வாசல் பக்கம் கொஞ்ச நேரம், சோபாவுக்குப் பின்னால், செருப்பு ஸ்டாண்டுக்குக் கீழே. தரை சில்லென்று இருக்கும் என்று சரசு நாலு இடத்திலும் பழைய சேலையை மடித்துப் போட்டிருந்தாள். நாலிலும் நாய் முடி. லிண்டா அம்மா பேனாவால் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. சமையலறையில் நாய்க்குச் சோற்றுத் தட்டு ஒன்று, தயிர்க் கிண்ணம் ஒன்று, தண்ணீர்க் குண்டா ஒன்று. அதையும் எழுதினார்.

குளியலறையைத் திறந்தார். அலமாரியைத் திறந்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். அப்புறம் அரிசி டிரம்மின் மூடியைத் தூக்கினார்.

"ஏனுங்க, அரிசிக்குள்ளயா நாயத் தேடறாங்க?" என்று சரசு என் காதில் கேட்டாள்.

"தேடட்டும்" என்றேன்.

எங்கள் நாய் மட்டும் குஷியாக அவர் பின்னாலேயே போய், அவர் திறந்ததில் எல்லாம் தலையை விட்டுப் பார்த்தது. என்ன தேடுகிறோம் என்று அதற்குத் தெரியாது. கூடத் தேடியது.

கடைசியில் நடு வீட்டில் நின்று, "மேப்பிளைக் கூப்பிடுங்கள்" என்றார்.

சரசு கூப்பிட்டாள். "மேப்பிளு." அந்தப் பெயரை அவள் வாயில் நாய் கேட்டதே இல்லை. திரும்பவில்லை.

"சாமியைக் கூப்பிடுங்கள்."

"சாமி, இங்க வா சாமி." ஓடி வந்து சரசுவின் காலில் விழுந்து புரண்டது.

லிண்டா அம்மா எழுதினார்: சாமி இருக்கிறது. மேப்பிளைக் காணவில்லை.

சரசுவின் முகம் மாறிவிட்டது. என் கையைப் பிடித்தாள். யாராவது இருக்கும்போது அவள் அப்படிப் பிடிக்க மாட்டாள். "சொல்லுங்களே ஏதாச்சும்" என்றாள். எனக்குத் தமிழிலேயே வார்த்தை வராது. இங்கிலீஷில் எங்கே போவது? போனை எடுத்தேன்.

வேலை நாளில் நான் மகளைக் கூப்பிட்டதே இல்லை. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அப்பா? யாருக்கு என்னாச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. மேப்பிளக் கூப்புடு."

"என்னது?"

"பேரச் சொல்லிக் கூப்புடு கண்ணு. சத்தமா."

போனை ஸ்பீக்கரில் போட்டு லிண்டா அம்மா முன்னால் நீட்டினேன்.

"மேப்பிள்!" என்றாள் கீர்த்தனா. "டேய் மேப்பிள்!"

புரண்டு கிடந்த நாய் ஒரே தாவு. போனைத் தேடி லிண்டா அம்மாவின் மேலேயே ஏறிவிட்டது. ஃபைல் ஒரு பக்கம், பேனா ஒரு பக்கம். நாய் அவர் முகத்தையும் போனையும் மாற்றி மாற்றி நக்கியது.

நான் நாயைக் காட்டி, "சாமி" என்றேன். திரும்பவும் அதையே காட்டி, "மேப்பிள்" என்றேன். ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன்.

லிண்டா அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். சரி, நாய் ஒன்றுதான் என்று ஒப்புக்கொள்கிறேன் என்றார். அப்படியானால் குழாயில் மற்ற நாய்கள் எப்படி வந்தன?

அதையும் சொல்லிவிட்டேன். தமிழில் மகளிடம் சொன்னேன். கோழி, ஷெட், மூலைக்கு ஒன்று, ஐந்து குச்சி, பீட்டர். லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அப்பா, நாய்க்கு... கோழி டெஸ்ட்டா?"

"அஞ்சு எடுத்தாத்தான் கண்ணு சரியா வரும்."

அவள் சிரித்தாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள். அவள் வேலை செய்யும் இடத்தில் யாரோ என்ன என்ன என்று கேட்பதுகூடக் கேட்டது. நாய் போனைப் பார்த்து வாலை ஆட்டியது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாள் ஆகிறது என்று நான் யோசித்தேன்.

அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு இங்கிலீஷில் லிண்டா அம்மாவுக்கு விளக்கினாள். லிண்டா அம்மா ஜன்னலுக்குப் போனார். எதிர் வீட்டுப் புல்லில் பீட்டரின் நாலும் படுத்திருந்தன. எண்ணினார். ரொம்ப நேரம் வெளியேயே பார்த்துக்கொண்டு நின்றார். தோள் மட்டும் குலுங்கியது. திரும்பியபோது முகம் பழையபடி இருந்தது.

இன்னும் ஒரு மாதம் தருகிறேன் என்றார்.

"அப்பா, நான் இன்னொரு பெட்டி வாங்கறேன்" என்றாள் கீர்த்தனா. "நீங்க அதத் தொடாதீங்க. அம்மாவும் தொடக் கூடாது. பீட்டரும் தொடக் கூடாது. நானே வாரேன்."

வாரேன் என்றாள். சுத்தமாக எங்கள் ஊர் வாரேன்.

7

வெள்ளிக்கிழமை வந்தாள். எட்டு மாதம் கழித்து. கொஞ்சம் இளைத்திருந்தாள். சரசு அதைச் சொன்னாள். நான் பையை வாங்கிக்கொண்டேன்.

நாய் அவளைக் கண்டதும் கத்திய கத்தலில் இன்னொரு புகார் வந்திருக்கவேண்டும். வரவில்லை.

சனிக்கிழமை காலை டெஸ்ட். என்னை எதிரில் உட்கார வைத்து, அந்த எறும்பு எழுத்துக் காகிதத்தை வரி வரியாகப் படித்து அர்த்தம் சொன்னாள். சாம்பிள் எடுப்பதற்கு முன் நாய் எதுவும் தின்றிருக்கக் கூடாது. சரசு அப்போதுதான் நாய்க்குத் தோசை போட்டிருந்தாள். ஒரு மணி நேரம் காத்திருந்தோம்.

"ஒரு மணி நேரம் ஒண்ணும் போடாம எப்புடிக் கண்ணு டெஸ்ட்டுக்கு அனுப்பறது? பாவம்" என்றாள் சரசு.

"அம்மா, நாய் எங்கயும் போகல. எச்சில் மட்டுந்தான் போகுது."

ஒரு மணி நேரம் ஆனதும் அவளே எடுத்தாள். அரை நிமிடத்தில் முடிந்தது. ஒரு நாய், இரண்டு குச்சி. ஒன்று ரிப்பேரானால் இன்னொன்று என்று வைத்திருக்கிறார்களாம். இதைப் பெட்டி மேலேயே பெரிதாக எழுதியிருக்கலாம்.

அன்றைக்கு முழுக்க அவள் நாயோடுதான் பேசினாள். நாங்கள் வழக்கம் போலப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டோம். அந்த லூசு மேனேஜர் மாறிப் போய்விட்டான். அறையில் கூட இருந்த பெண் கல்யாணம் ஆகிப் போய்விட்டாள். சமைக்க அலுப்பு, ரொட்டிதான் தின்கிறாள். "தனியா இருக்கறது ஒரு மாதிரி இருக்குதுடா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் சோபாவில் அவள் மடியில் தலை வைத்து நாய் தூங்கிவிட்டது. அவள் பேச்சை நிறுத்தவில்லை. யாரிடம் பேசுகிறாள் என்று பார்த்தேன். சரசுவைப் பார்த்துப் பேசினாள். பிறகு என்னைப் பார்த்தும் பேசினாள். நான் ரேடியோவை அணைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். நாய் குறட்டை விட்டது.

திங்கட்கிழமை காலை பஸ்ஸுக்குப் போனாள். நாயிடம் ஒரு முறை, எங்களிடம் ஒரு முறை, "போயிட்டு வாரேன்" என்றாள்.

8

ரிசல்ட் வந்தது. சண்டை நாய் இனம் ஒரு துளிகூட இல்லை. ஆனால் மற்றது எல்லாம் இருந்தது. ஏழு இனத்தின் பெயர் வரிசையாக இருந்தது. ஆடு மேய்க்கிற நாய் ஒன்று, முயல் பிடிக்கிற நாய் ஒன்று, பனியில் வண்டி இழுக்கிற நாய் ஒன்று. கடைசியில் பெரிய வீட்டு அம்மாக்கள் மடியில் வைத்துக்கொள்ளும் பொடி நாயும் கொஞ்சம். பலூனுக்குப் பயந்தது அந்தப் பக்கத்து ரத்தமாக இருக்கும்.

லிண்டா அம்மா முத்திரை குத்திக் கொடுத்தார். அலையவிடாமல் ஒரே நாளில். பெயர் என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டார். மேப்பிள் சாமி என்று போடச் சொன்னாள் சரசு.

ராசுவுக்குப் படித்துக் காட்டினேன்.

"ஏழு சாதி சேந்து ஒரு நாயா மாமா? அத்தன கலப்புக் கல்யாணம் நடந்தும் ஒரு வெட்டுக் குத்து இல்லியா?"

"இல்ல மாப்ள."

"நாய்ங்க பரவால்ல" என்றான். அப்புறம் வழக்கம் போலச் சிரிக்கவில்லை. அவனுக்கும் ஒரு பெண் வளர்கிறாள்.

9

ஞாயிற்றுக்கிழமை போன் இப்போதும் வருகிறது. ஒரு நாலு மாதம் எங்களிடமும் பத்து நிமிடம் பேசினாள். பிறகு ஐந்து நிமிடம். இப்போது, "ஹாய்ப்பா, ஹாய்ம்மா, மேப்பிளக் காட்டுங்க." குறை சொல்லவில்லை. வேலை அப்படி. அவள் வந்துபோய் ஒரு வருடம் ஆகப் போகிறது.

போன வாரம் நாயின் பிறந்த நாளுக்கு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறாள். இது இனம் பார்க்க இல்லை. பின்னால் என்ன நோய் வரும் என்று முன்னாலேயே பார்க்கிற டெஸ்ட்டாம். அதே இரண்டு குச்சி. அதே குழாய். அதே எறும்பு எழுத்து.

"அப்பா, இந்தத் தடவையாவது ஒழுங்காப் பண்ணுங்க. சொதப்புனீங்கன்னா நான்தான் திரும்ப லீவு போட்டு வரணும்" என்றாள்.

"சரி கண்ணு" என்றேன்.

இந்தத் தடவை காகிதத்தை முழுசாகப் படித்தேன். அர்த்தம் தெரியாத வார்த்தைக்குப் போனில் அர்த்தம் பார்த்தேன். இரண்டு நாள் ஆயிற்று. ஒரு குழாயில் ஒரு நாய் மட்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. நன்றாகப் புரிகிறது.

இன்று காலை பெட்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன். சரசு பார்த்தாள். எங்கே என்று கேட்கவில்லை.

"மூணு வாரம் ஆகுமாங்க ரிசல்ட் வர?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆகும்."

"அப்ப முறுக்குக்கு மாவு அரைச்சு வெச்சுக்கறேன்."

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது என் மகளைத் தெரிந்தால் தயவுசெய்து சொல்ல வேண்டாம். அவள் தமிழ் பேசுவாள், படிக்க மாட்டாள். ராசு, நீயும் சொல்லிவிடாதே.

பீட்டர் வீட்டு வாசலில் நாலும் இருந்தன. கன்றுக்குட்டி என்னைக் கண்டதும் எழுந்து வந்து தானாகவே வாயைத் திறந்தது.